ஸ்னேர் வாலை வெட்டுங்க

கன்ட்ரி ராக்கில் தொடங்கிய கிறிஸ்தவ ராக் குழு டேனியல் ஆமோஸ், 1981-ல் 'அலார்மா' ஆல்பத்தில் நியூ வேவுக்கு (பங்க்குக்குப் பின் வந்த துடிப்பான ராக் பாணி) தாவியது. ஈரோடு, கோவை சர்ச் வாலிபர் குழுக்கள் அந்தச் சத்தத்துக்கு முயன்றால் சொதப்புவது ரிவெர்ப்லதானுங்க, அதாவது சத்தத்துக்குச் சேர்க்கிற செயற்கை எக்கோவில். தகர சீட் ஹாலே வேண்டிய எக்கோ தரும். அதுக்கு மேலயும் கொட்டினால் பாட்டு வரி ஒன்றும் புரியாது.

ஸ்னேர் டிரம்முக்கு மட்டும் 2 விநாடி ரிவெர்ப் போட்டு, 180 மில்லிசெகண்டில் கேட் (சத்தத்தைத் திறந்து மூடும் கருவி) வைத்து வெட்டுங்க. 150 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 150 தட்டு) ஒரு தட்டு 400 மில்லிசெகண்ட். அரைத் தட்டுக்குள் ரிவெர்ப்பின் வால் அடங்கணும். ஹைஹாட் (ஜோடித் தாளத்தட்டு) சத்தம் ஸ்னேர் மைக்கில் கசிந்து கேட் திறந்தால், ஸ்னேர் ட்ராக்கை கேட்டின் சைட்செயினில் (எப்போ திறக்கணும்னு கேட்டுக்குச் சொல்லும் சிக்னல்) கொடுத்து, அதில் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை வடிகட்டி நீக்குங்க. கிட்டாருக்கு டிஸ்டார்ஷன் (கரகரப்பு) குறைத்து கோரஸ் எஃபெக்ட் (பல கிட்டார் சேர்ந்து வாசிப்பதுபோல் காட்டுவது) போடுங்க. பேஸ் கிட்டாரை விரலால் இல்லை, பிக்கால்தான் வாசிக்கணும். கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் வயலின் சத்தம்) வேண்டவே வேண்டாம், அது ஆராதனைப் பாட்டுப் பழக்கதோஷம்!