வேலை கொடுத்தாரா, வேலைக் கொடுத்தாரா?

முடிந்துவிட்டது என்று நம்பிய சிறுகதையை நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டாம் பத்தியிலேயே விரலை வைத்துவிட்டார். ‘முதியவர் பேரனுக்கு வேலைக் கொடுத்தார்.’ நான் எழுத நினைத்தது பிழைப்புக்கான வேலை. நடுவில் ஒரு ‘க்’ புகுந்ததும் அது வேல் + ஐ ஆகிவிட்டது. பேரன் கையில் ஆயுதம். கதையே அந்த வேலையை நம்பித்தான் நகர்கிறது. மனசு கேட்கவில்லை, அன்றே திருத்த உட்கார்ந்துவிட்டேன்.

‘பறவைகள் பறந்தது’ மாதிரிப் பிழைகள் படிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். இரண்டு சொல்லுக்கு நடுவே வரும் க், ச், த், ப் என்ற ஒற்று அப்படி இல்லை. வாய்விட்டுப் படித்தால் காதே சொல்லிவிடும் என்பார்கள். என் எழுத்தை நானே படிக்கும்போது, எழுதியிருப்பதை விட்டுவிட்டு எழுத நினைத்ததைத்தான் காது கேட்கிறது.

அதனால் தேடல் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். ‘ை’, ஓர் இடைவெளி, ‘க’. அப்புறம் இதே போல ச, த, ப. ஐக்குப் பிறகு விட்டுப்போன ஒற்றெல்லாம் இதில் சிக்கும். வேண்டாத ஒற்றுக்கு ‘ைக் க’, ‘ைச் ச’ என்று தேட வேண்டும். ‘ை க’ மட்டும் 64 இடம். ஒவ்வொன்றிலும் நின்று ஒரே கேள்வி: இந்த ஐ வேற்றுமை உருபா, சொல்லோடு பிறந்ததா? ‘கதவை திறந்தாள்’ என்பதில் கதவு + ஐ இருக்கிறது. ‘கதவைத் திறந்தாள்’ ஆக்கினேன். ‘மழை பெய்தது’ என்பதில் ஐ மழைக்கே சொந்தம், தொடக் கூடாது. ‘கதை சொன்னாள்’ என்றால் உருபு மறைந்திருக்கிறது, ஒற்று மிகாது. ‘கதையைச் சொன்னாள்’ என்றால் வெளியே வந்துவிட்டது, மிகும். இந்த ஜோடி பிடிபட்டதும் மீதி 40 இடங்களை ஒரே மூச்சில் முடித்தேன். உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

போகிற வழியில் ‘சுவற்றில்’ இரண்டு இடத்தில் அகப்பட்டது. கயிறு ‘கயிற்றில்’ ஆகும், சுவர் ‘சுவரில்’தான்.

எல்லாம் முடிந்த பிறகு நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ சந்திப்பிழை திருத்தியில் ஒருமுறை போட்டுப் பார்க்கப் போகிறேன். முதலிலேயே போடாததற்குக் காரணம், விதி கையில் படிய வேண்டும் என்ற ஆசை. அடுத்த கதை பெரும்பாலும் உரையாடல். பேச்சிலும் ‘வீட்டுக்குப் போறேன்’ என்று அழுத்தித்தானே சொல்கிறோம், அங்கேயும் ஒற்றை விடுவதாக இல்லை.

இப்போதைக்கு ‘வந்து பார்த்தான்’, ‘எடுத்துப் பார்த்தான்’ வகைதான் மிச்சம். முதலாவதில் மிகாது, ‘த்து’ என்று வல்லின ஒற்றோடு முடிகிற, அதாவது வன்தொடரான இரண்டாவதில் மிகும். ‘து ப’ என்று தேடியதில் 31 வந்திருக்கிறது; ஒன்பது பார்த்தாயிற்று.