கண்புரை எடுத்த பிறகு சைக்கிளுக்கு ஒரு கண்ணாடி

நாற்பது வருடம் கண்ணாடி போட்டே சைக்கிள் ஓட்டியவன் நான். மைனஸ் 7. கண்ணாடியைக் கழற்றினால் ஹேண்டில்பார்கூடக் கலங்கலாகத்தான் தெரியும். இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, தூரப் பார்வைக்குக் கணக்குப் பண்ணிய லென்ஸை உள்ளே வைத்து, இனி ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்னதும் முதல் தடவையாக வெறும் முகத்தோடு ஏறி மிதித்தேன். அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம் நீடித்தது. இறக்கத்தில் ஒரு பூச்சி நேராகக் கண்ணுக்குள் வந்து அடித்தது. இத்தனை நாளும் அந்தச் சோடாபுட்டி பார்வைக்கு மட்டுமில்லை, காற்று, தூசி, பூச்சி எல்லாவற்றையும் சத்தமில்லாமல் தடுத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, கண்ணாடி வேண்டும். எதை வாங்குவது?

அவசரப்பட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பவர் நிலைப்பட நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்கு முன் பவர் போட்ட கண்ணாடி செய்தால் காசு தண்டம். ஒரு கண் முடிந்து மறு கண்ணுக்குக் காத்திருந்த நாட்களில் நான் சைக்கிளைத் தொடவே இல்லை. ஒரு கண்ணில் மைனஸ் 7, இன்னொன்றில் பூஜ்யம், படி இறங்கும்போதே கால் தடுமாறியது.

புரை எடுத்தவர்களுக்கு முதலில் தோன்றுவது வெளிச்சம்தான். மஞ்சளித்துப்போன பழைய லென்ஸ் போய்விட்டதால் வெள்ளைச் சுவர்கூடக் கூசும், நீலம் கண்ணைப் பறிக்கும். அதனால் கடையில் இருப்பதிலேயே அடர் கறுப்பாக ஒன்றை எடுக்கத் தோன்றும், நானும் அதைத்தான் செய்தேன். மர நிழலுக்குள் நுழைந்ததும் ரோட்டில் இருந்த பள்ளம் தெரியவில்லை! கறுப்புக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமே இல்லை, நிறமே இல்லாத லென்ஸும் அதை முழுதாகத் தடுக்கும், யூவி 400 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இப்போது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களிலும் பெரும்பாலும் அந்தத் தடுப்பு உண்டு, ஆனால் இமையும் கருவிழியும் வெளியில்தானே இருக்கின்றன. கறுப்பின் அளவுக்கு 0 முதல் 4 வரை எண் இருக்கிறது: 3 என்றால் 8 முதல் 18 சதவீத வெளிச்சம் உள்ளே வரும், 4 என்றால் வெறும் 3 முதல் 8, அதை மாட்டிக்கொண்டு ரோட்டில் வண்டி ஓட்டவே கூடாது.

கடைசியில் எனக்கு ஒத்துவந்தது வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ். காரின் முன் கண்ணாடி புற ஊதாவைத் தடுத்துவிடுவதால் காருக்குள் இந்த லென்ஸ் சரியாகக் கறுக்காது, சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. சுரங்கப்பாதைக்குள் மட்டும் உடனே வெளுக்காது, அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸ் கூச்சத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் தலையைச் சாய்த்தால் ஹேண்டில்பாரில் வேகம் காட்டும் மீட்டரின் திரை இருண்டுவிடுகிறது, ஈர ரோட்டின் பளபளப்பும் மறைகிறது. வழுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதே அந்தப் பளபளப்புதான், அதனால் எனக்கு வேண்டாம்.

வெளிச்சத்தை விட எனக்குப் பெரிய தலைவலி காற்று. ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதம் கண் காய்ந்தது, காய்ந்த கண்ணில் காற்று பட்டால் தண்ணீராக ஊற்றும், ஊற்றினால் ரோடு கலங்கும். கன்னத்துக்கும் பிரேமுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எவ்வளவு நல்ல லென்ஸும் வீண். அதே சமயம் முகத்தோடு ஒட்டி மூடினாலும் சிக்னலில் நிற்கும்போது ஆவி படிந்துவிடும், மேலே கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும். கடையில் நிமிர்ந்து நின்று மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரி குனிந்து, தலை தாழ்ந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தித் தூரத்தைப் பாருங்கள். பிரேமின் மேல் விளிம்பு குறுக்கே வருகிறதா? வந்தால் அது சைக்கிளுக்கு ஆகாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், கல் தெறித்தாலும் லேசில் உடையாது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் உள்ளே இருந்தும் கண் அதை எதிர்க்கவில்லை என்று கவனித்துத்தான் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். அதற்காக நாம் புதுச் சில்லு எதையும் உள்ளே விட வேண்டியதில்லை.

முகத்தைச் சுற்றி வளைந்த கண்ணாடியில் என் பழைய பவரைப் போட்டால் ஓரமெல்லாம் நெளியும், செய்து தரவே மாட்டார்கள். இப்போது கடையில் தொங்கும் எதையும் எடுத்து மாட்டலாம். இது கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

ஆனால் மீட்டர் தெரியவில்லை. செயற்கை லென்ஸ் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தன்னை மாற்றிக்கொள்ளாது, அதனால் வெள்ளெழுத்து முழுசாக வந்து உட்கார்ந்துவிடும். புத்தகம் படிக்கும் பிளஸ் 2.5 இங்கே உதவாது, மீட்டர் சுமார் 65 செ.மீ. தள்ளி இருக்கிறது, அதற்கு 1.5 போதும். தண்ணீர் தொட்டு ஒட்டும் சின்ன பிறை வடிவ லென்ஸ் கிடைக்கிறது, அதை ஒரு பக்கம் மட்டும், கீழ் மூலையில் ஒட்டியிருக்கிறேன். ரொம்ப மேலே ஒட்டினால் இறங்கும்போது தரை மங்கும். எதற்கும் முதலில் மீட்டரில் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒரு வருடம் கழித்து எதிரே வரும் விளக்குகள் மறுபடி சிதற ஆரம்பித்தன. மாட்டியிருக்கும் கண்ணாடியில் கீறல் என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, கடைசியில் இன்னொரு கண்ணாடியே வாங்கினேன். அதிலும் அப்படித்தான். மருத்துவரிடம் போனால், செயற்கை லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கியிருக்கிறது என்று சொல்லி லேசரில் சில நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். அந்த இரண்டாவது கண்ணாடி இப்போது பையில் கிடக்கிறது, நிறமில்லாத லென்ஸ், இருட்டிய பிறகு பூச்சிக்கு ஆகிறது.