தீயைப் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அணைத் தண்ணீரில் ஒரு சோதனை

செயற்கைக்கோளில் இருந்து காட்டுத்தீயைக் காட்டும் வீர்ஸ் (VIIRS) கருவி, தனக்குள் சுமார் 19 டிகிரியில் வைத்திருக்கும் கரும்பொருளையும் (சூடு தெரிந்த ஒப்பீட்டுப் பரப்பு) வெற்று விண்வெளியையும் மாறி மாறிப் பார்த்துத் தன் அளவைச் சரிசெய்துகொள்கிறது. அதைத் தரையிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்க நீலகிரியில் தோதான இடம் அணை நீர்தான். தேயிலைச் சரிவும் தகரக் கூரையும் ஆகாது. வீர்ஸ் படத்தின் ஒரு புள்ளி தரையில் 375 மீட்டர் கட்டம். அந்தக் கட்டம் ஒன்றுக்குள்ளேயே பத்து விதமான சூடு இருக்கும்.

முதலில் கையிலுள்ள தெர்மல் கேமராவைச் சரிபார்க்க வேண்டும். ஜீப்பிலிருந்து இறக்கியதும் அளக்காமல், குளிரில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்புறம் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, கேமராவில் எமிஸிவிட்டியை (பரப்பு வெப்பத்தை வீசும் திறன்) 0.95 என வைத்து, டேப்பை மட்டும் பாருங்கள். வெறும் எவர்சில்வரைப் பார்த்தால் எதிரே நிற்பவரின் சூடுதான் தெரியும். அந்தப் பாத்திரத்தில் நொறுக்கிய ஐஸைத் தண்ணீரில் கிளறினால் 0 டிகிரி. கொதிநீரை 100 என்று எடுத்துக்கொள்வதில்தான் பலர் சறுக்குவார்கள்: ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும். (வீர்ஸ் சூட்டைப் பார்க்கும் அகச்சிவப்பு அலைவரிசைகளில் ஒன்றான 3.7 மைக்ரான், அதற்கு மேல் அளக்க முடியாமல் நிரம்பிவிடும் எல்லையும் ஏறக்குறைய இதே சூடுதான், 94 டிகிரி.)

அடுத்தது இடம். எமரால்டு, அப்பர் பவானி போன்ற அணைகள் பள்ளத்தாக்குகளில் கிளைகிளையாக நீள்பவை. கரை கலக்காத ஒரு கட்டம் கிடைக்க, சுற்றிலும் ஒரு கட்டம் விட்டு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமான நீர் வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் அதுவும் போச்சு. செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகும் இரவாகப் பாருங்கள். அதன் பார்வைப் பட்டையின் ஓரத்தில் கட்டம் 800 மீட்டர்வரை விரியும். வனத்துறை, மின்வாரியம் இரண்டிடமும் அனுமதி வாங்க வேண்டும்.

அளக்கும் நேரம், செயற்கைக்கோள் கடக்கும் இரவு ஒன்றரை மணியையொட்டி. பகலில் 3.7 மைக்ரானில் வெயிலின் பிரதிபலிப்பும் சேர்ந்துகொள்ளும். கைக் கேமரா 8 முதல் 14 மைக்ரான்வரை பார்ப்பதால், வீர்ஸின் இன்னொரு அலைவரிசையான 11.45 மைக்ரானோடுதான் ஒப்பிடலாம். தெர்மாமீட்டரை ஆழமாக விட்டால் எண் சற்றுக் கூடுதலாக வரும். நீரின் மேல்தோல் அடிநீரைவிட அரை டிகிரிவரை குளிர்ந்திருக்கும். பள்ளத்தாக்கு மூடுபனிதான் பெரிய தொல்லை. அதன் சூடு தரையை ஒத்திருப்பதால் மேகம் மூடிய கட்டங்களை நீக்கும் வடிகட்டியில் சிக்காமல் தப்பிவிடும். அப்போது 3.7 மைக்ரான் காட்டும் சூடு 11.45 மைக்ரான் காட்டுவதைவிடக் குறைவாக இருக்கும். அந்த இரவின் கணக்கை அப்படியே தள்ளிவிடுங்கள்.

இந்தச் சோதனை பின்னணிச் சூட்டை மட்டுமே உறுதிசெய்யும், தீயை அல்ல. 27 டிகிரித் தரையில் 1000 கெல்வின் (சுமார் 727 டிகிரி) தீ வெறும் 17 சதுர மீட்டர் இருந்தாலே, 3.7 மைக்ரானில் அந்தக் கட்டம் சுமார் 17 டிகிரி ஏறும், 11.45-இல் கால் டிகிரிகூட ஏறாது. இது நடுவிலுள்ள காற்றுமண்டலம் கதிர்வீச்சை உறிஞ்சுவதைச் சேர்க்காத கணக்கு. மிகப் பெரிய தீயிலோ 3.7-இன் எண் நிரம்பி, எல்லை தாண்டி மறுபடி கீழிருந்து சுற்றி வந்து, உறைகுளிராகக் காட்டுவதும் உண்டு. முதுமலைப் பக்கம் நல்ல தீக்கு நடுவே ஒரு கட்டம் மட்டும் அசாத்தியக் குளிராகத் தெரிந்தால், அதைப் பிழையென்று அழித்துவிடாதீர்கள்.