முதுகுக்குப் பின்னால் 25 டன்

வடசென்னையில் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டிரெய்லர் லாரி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகும்போது நெடுஞ்சாலையைக் கடக்க அம்மா என் மணிக்கட்டைப் பிடிக்கும் பிடியில் கை சிவந்துபோகும். "டிரெய்லர் வருதுடா, நில்லு" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் எங்கள் தெருவில் எல்லோரும். வேலைக்குப் போன யாராவது வீடு திரும்ப நேரமானால் முதலில் நினைவுக்கு வருவதும் அந்த ரோடுதான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு 11 வருஷமாக அதே டிரெய்லரை ஓட்டிப் பிழைக்கிறேன். ஹெவி லைசென்ஸ் எடுத்ததைச் சொன்னபோது அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

நான் ஓட்டுவது கன்டெய்னர் ஏற்றும் வண்டி இல்லை, பிளாட்பெட். 40 அடிக்குத் தட்டையான இரும்புத் தளம், பக்கச் சுவர் கிடையாது, மேலே கூரை கிடையாது. கன்டெய்னர் என்றால் நான்கு மூலையிலும் லாக் போட்டுவிட்டால் பெட்டி உட்கார்ந்துவிடும், உள்ளே என்ன இருக்கிறது, எப்படி அடுக்கினார்கள் என்பது சீல் வைத்தவன் பாடு. எங்களுக்கு அப்படி இல்லை. காயில், பிளேட், கம்பி, குழாய், மெஷின் என்று ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று வரும், ஒவ்வொன்றுக்கும் கட்டு வேறு. கிரேன்காரர் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு அப்புறம் அது என் சரக்கு. ரோட்டில் விழுந்தால் என் கேஸ்.

கம்பி லோடு அவ்வளவு பயம் இல்லை. கட்டிடக் கம்பி 12 மீட்டர் நீளம் வரும், 40 அடி டிரெய்லரில் அடங்கிவிடும். முன்பெல்லாம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சின்ன லாரிகளில் ஏற்றிப் பின்னால் நீட்டிக்கொண்டு, நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுக் கிளம்புவார்கள். ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்று சட்டத்திலேயே இடம் இருந்தது, 2014இல்தான் அதை எடுத்தார்கள். ராத்திரியில் பைக்கில் வருகிறவன் கண்ணுக்கு அந்தச் சிவப்புத் துணி தெரியவே தெரியாது. அந்த அனுமதியை எடுத்தது ரொம்ப நல்லது, இன்னும் பத்து வருஷம் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும்.

பயம் எல்லாம் காயிலில்தான். பார்த்ததில்லை என்றால் சொல்கிறேன்: இரும்புத் தகட்டைப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டியது, நடுவில் ஓட்டை, ஆள் உயரம், ஒன்றே 25 டன் கூட இருக்கும். தளத்தில் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். 40 அடியில் அது பிடிக்கும் இடம் ஐந்தாறு அடி, மீதி எல்லாம் காலி. அதைப் பார்த்துவிட்டு "இவ்ளோ பெரிய வண்டிக்கு ஒரே ஒரு சாமானா" என்று டீக்கடையில் கேட்பார்கள். ஓட்டை இடது வலமாக இருக்கும்படி படுக்கவைத்தால், பிரேக் போடும்போது என்னை நோக்கி உருளப் பார்க்கும். ஓட்டை முன்பின்னாக இருந்தால் வளைவில் பக்கவாட்டில் உருளப் பார்க்கும். ஓட்டை வானத்தைப் பார்க்கும்படி நிறுத்திவைத்தால் உருளாது, ஆனால் வழுக்கும், சாயும். ஆக எப்படி வைத்தாலும் அது ஒரு பக்கம் போகத்தான் பார்க்கும். அது எந்தப் பக்கம் என்று தெரிந்து முட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவசர பிரேக்கில் லோடு தன் எடையில் 80 சதவீதம் அளவுக்கு முன்பக்கம் தள்ளும் என்று கணக்கு வைத்துத்தான் கட்டச் சொல்கிறார்கள். 25 டன் காயிலுக்கு அது 20 டன். எனக்கும் அதற்கும் நடுவில் இருப்பது கேபினின் பின்தகடு.

எனக்குக் கட்டச் சொல்லிக்கொடுத்தவர் சங்ககிரிப் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். முதல் நாளே நான் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்து, "தம்பி, அதைக் கீழ வைங்க. சங்கிலி எப்ப வேணாலும் அறுகும். மொதல்ல கட்டையப் போட்டு உருளாம நிறுத்துங்க, சங்கிலி அப்புறம்" என்றார். கட்டை என்றால் சும்மா கிடைக்கிற விறகுக் கட்டை இல்லை. காயிலின் வளைவுக்குத் தகுந்த மாதிரி சரிவாகச் சீவிய கெட்டி மரம், அடியில் ஆப்பு, தளத்தோடு நகராமல் பிடிக்க அடியில் ரப்பர் ஷீட். அதற்கு அப்புறம்தான் ஓட்டைக்குள் சங்கிலியை விட்டு, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு, குறுக்கே இழுத்து, ரேச்சட் என்கிற பல்சக்கர இறுக்கியில் இறுக்க வேண்டும். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், சங்கிலி அதில் படும் இடத்தில் பழைய டயர் துண்டு வைக்க வேண்டும். கிளம்பி 50 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓட ஓட மரம் அமுங்கும், மரம் அமுங்கினால் சங்கிலி தளரும். இது எதையும் எந்த டிரைவிங் ஸ்கூலிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த அண்ணன் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

தெரிந்தும் ஒரு தடவை தப்பு செய்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். ராத்திரி 2 மணியில் இருந்து காத்துக் கிடந்து, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரு சரக்கு யார்டில் காயில் ஏற்றினார்கள், போக வேண்டியது மணலிப் பக்கம் ஒரு குடோன், அரை மணி நேர ஓட்டம். யார்டில் சரியான கட்டை இல்லை, இருந்த இரண்டு கட்டையும் ஓரம் பிளந்தது. "பக்கத்துல தானேப்பா, மெதுவா போய்டு" என்றார் சூப்பர்வைசர். எனக்கும் பதினெட்டு மணி நேரம் தூக்கம் இல்லை, சரி என்று இரண்டு சங்கிலியைப் போட்டுக் கிளம்பிவிட்டேன். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இல் வந்தது, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று அதில் இருந்தது. இருந்து என்ன, யார்டில் காத்துக் கிடக்கும் நேரத்தை அன்றைக்கு யாரும் வேலை என்று எண்ணவில்லை. குடோன் வரைக்கும் பத்து நிமிஷம் இருக்கும், விடிகிற நேரம், ஒரு ஷேர் ஆட்டோ சைடில் ஆளை ஏற்ற முன்னால் வந்து நின்றது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் இருந்து ஒரு சத்தம், சத்தம் என்பதைவிட இடுப்பில் வாங்கிய இடி. இறங்கிப் பார்த்தால் காயில் ஒரு ஜாண் முன்னால் வந்திருந்தது. ஒரு கட்டை நொறுங்கிக் கிடந்தது. இரண்டில் ஒரு சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் மீன் கூடையோடு நாலைந்து அம்மாக்கள், காசிமேட்டில் இருந்து வருகிறவர்கள். அதில் ஒருத்தர், "இன்னாப்பா, கை இப்டி ஆடுது, தண்ணி குடி" என்று பாட்டிலை நீட்டினார். பின்னால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தண்ணியை வாங்கிக் குடித்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கிரேன் வர நாலு மணி நேரம். கிரேன் வாடகையில் பாதியை என் சம்பளத்தில் பிடித்தார்கள். கட்டை கொடுக்காதவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அது நியாயம் இல்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

அதற்கு அப்புறம் கட்டு சரியில்லாமல் நான் வண்டியை எடுப்பதில்லை. இப்போது வேறு கம்பெனி. போன வருஷம் இங்கேயும் ஒரு ராத்திரி அதே மாதிரி, அதே "பக்கத்துல தானே". பக்கத்து டிரிப்தான் ஆபத்து, தூரப் பயணம் என்றால் யாராக இருந்தாலும் ஒழுங்காகக் கட்டுவார்கள். நான் சாவியை எடுத்துக்கொண்டு கேட் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். "வேற டிரைவர் இல்லன்னு நெனச்சியா" என்றார்கள். மூன்று மணி நேரம் கழித்து எங்கிருந்தோ நல்ல கட்டை வந்தது. லேட் ஆன கணக்கில் அந்த டிரிப்புக்கான பேட்டா போனது. பெரிய டிரெய்லருக்கு வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த வெயிட்டை 2018இல் 49 டன்னில் இருந்து 55 டன்னாகக் கூட்டினார்கள், 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு கேபினில் ஏ.சி. கட்டாயம் என்கிறார்கள், ரொம்ப நல்ல விஷயம், மத்தியான வெயிலில் எண்ணூர் ரோட்டில் நின்றவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எனக்கு அதைவிட முதலில் வேண்டியது ஒன்று: கட்டு சரியில்லை, எடுக்க மாட்டேன் என்று சொன்ன டிரைவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. குடும்பத்துக்குப் போக வேண்டிய காசைப் பிடித்தால் எத்தனை பேர் எத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லுவார்கள்? அப்படிச் சொல்லாமல் கிளம்பும் வண்டிகள்தான் எர்ணாவூரிலும் மணலியிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் போகின்றன.

இப்போது என்னோடு வரும் கிளீனர் தம்பி எர்ணாவூர்க்காரன், சேர்ந்து நாலு மாசம். போன வாரம் ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு காயில். புழல் தாண்டி பைபாஸில் ஏறி, கொஞ்ச தூரத்தில் ஓரங்கட்டிவிட்டு நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வரும்போது அவன் வீல் ஸ்பேனரை வைத்து ஒவ்வொரு சங்கிலியாகத் தட்டிக் காதைக் கிட்ட வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இறுகிய சங்கிலி கணீர் என்று கேட்கும், தளர்ந்தது சொத சொத என்று ஆடும். அதை அவனுக்கு நான் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.

"அண்ணே, பின்னாடி ரைட்டு மட்டும் வேற மாரி கேக்குதுண்ணே."

கை வைத்துப் பார்த்தேன், தளர்ந்துதான் இருந்தது. டீயை தளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து ரேச்சட்டை மூன்று பல் இறுக்கினோம். மறுபடியும் தட்டிப் பார்த்தான். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.