கோடு கரைந்த இடம்: ஓவியர் நிக்கோலாவோஸ் கீசிஸ்

நேர்த்திக்கடன் காசு ஓர் ஓவியனை வளர்த்தது என்றால், கோணேசர் மலையேறும் அடியார்களைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்த திருகோணமலைக்காரனாகிய எனக்கு அது வியப்பாக இல்லை. கிரேக்கத்தின் தீனோஸ் தீவில் உள்ள எவங்கெலிஸ்திரியா தேவாலயத்துக்கு யாத்திரிகர் முழந்தாளிட்டபடியே ஏறிச் செல்கிறார்கள். 1842இல் அத்தீவின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, குடும்பத்தோடு ஏதென்ஸுக்குப் பெயர்ந்து, அங்குள்ள கலைக் கல்லூரியில் பயின்ற நிக்கோலாவோஸ் கீசிஸை, 1865இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அனுப்பி வைத்தது அத்தேவாலயத்தின் புலமைப்பரிசில்தான்.

மியூனிக்கில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கார்ல் ஃபொன் பீலோட்டி. உடலின் அமைப்பு, துணியின் மடிப்பு, விளக்கொளி முகத்தில் விழும் கோணம் ஆகிய எதிலும் பிழை பொறுக்காத அந்தப் பள்ளியின் வழியிலேயே கீசிஸ் வரைந்தார். 1872இல் நாடு திரும்பியவர், மறு ஆண்டு நண்பரும் ஓவியருமான நிக்கிஃபோரோஸ் லீத்ராஸுடன் சின்ன ஆசியாவில் (இன்றைய துருக்கியின் பகுதி) பயணம் செய்தார். பிறகு மீண்டும் மியூனிக் சென்று, அங்கேயே பேராசிரியராகி, 1901 ஜனவரியில் அங்கேயே காலமானார். சிறு பிள்ளைகளுக்கு நிச்சயதார்த்தம் நடப்பதைக் காட்டும் 1877ஆம் ஆண்டு ஓவியம் இந்தக் காலத்து உழைப்புக்குச் சான்று. அதில் முகங்களும் உடைகளும் வீட்டுப் பொருட்களும் அவசரமின்றி, ஒவ்வொன்றும் அதனதன் தன்மையோடு தீட்டப்பட்டுள்ளன.

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவர் வரைந்த 'இதோ மணவாளன் வருகிறார்' என்ற ஓவியத்தைப் பார்ப்பவர், இதுவும் அதே கைதானா என்று கேட்கக்கூடும். கிரேக்கத் திருச்சபையில் பெரிய வாரத்தில், அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வாரத்தில், கிறிஸ்துவை மணவாளனாகக் கொண்டு பாடப்படும் ஒரு பாடலின் தொடக்க அடியே அதன் தலைப்பு. நடுவில் அரியணையில் ஓர் உருவம். அதைச் சுற்றிச் செம்மையும் பொன்னும் கலந்த பெருஞ்சுடர். அச்சுடருக்குள் வானவர் கூட்டத்தின் முகமும் சிறகும் பிரித்தறிய முடியாமல் கரைகின்றன. வர்ணம் இங்கே எந்தப் பொருளையும் போர்த்தவில்லை, வர்ணமே பொருளாகிவிட்டது.

பழைய மரபைக் கைவிட்டுத்தான் அவர் நவீனத்துக்கு வந்தார் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சுடர் தெளிவற்றதாகத் தோன்றினாலும் குலைந்து போகவில்லை; அரியணையின் எடையும் கூட்டத்தின் ஒழுங்கும் உள்ளே உறுதியாக நிற்கின்றன. கோடுகளை எங்கே விடலாம் என்பது, பல பத்தாண்டுகள் அவற்றைச் சரியாக இட்டவருக்கே தெரியும். உவர்மலையில் என்னிடம் சித்திரம் பயிலும் பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சைக்காக மண்பானையின் கழுத்து நிழலைத் தாள் தேயும்வரை திருத்துகிறார்கள். அது வீண் வேலை என்றும், நவீன ஓவியத்துக்கு இதெல்லாம் தேவையில்லை என்றும் வீட்டில் சிலர் சொல்லி அனுப்புகிறார்கள். அப்பிள்ளைகளுக்கு நான் கீசிஸின் நிச்சயதார்த்த ஓவியத்தை முதலிலும் மணவாளனை அதன் பின்பும் காட்டுகிறேன், இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.