செங்கலடி என்று தட்டினால் நின்றுவிடுகிறது: லூவா பாலத்தை விண்டோஸுக்குக் கொண்டுபோனது

மூன்று கிழமையாக என் இரவு வேலை இதுதான். பைத்தன், லூவா என்ற இரண்டு நிரல் மொழிகளையும் இணைக்கும் சிறிய திறமூலப் பாலம் ஒன்றை நானும் இன்னும் இருவரும் பராமரித்து வருகிறோம். லினக்ஸில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் இங்கே மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த மாணவர் எவருடைய லெப்டொப்பைத் திறந்தாலும் விண்டோஸ்தான். அவர்கள் கைக்கு எட்டாத ஒன்றை எல்லோருக்குமானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இறங்கிவிட்டேன்.

பாலத்தின் அமைப்பு எளிது. சி மொழியில் எழுதிய ஒரு சின்னச் செயலியைப் பைத்தன் தொடங்கி வைக்கும். லூவா அந்தச் செயலிக்குள் இருக்கும். பைத்தனும் செயலியும் பைப் வழியாக, அதாவது ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகப் போகும் குழாய் வழியாகப் பேசிக்கொள்ளும். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளம் 4 பைட்டாக, சிறிய பைட் முதலில் வரும்படி போகும், பின்னால் ஜேசன் என்ற உரை வடிவில் செய்தி வரும்; அதில் சொற்கள் மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும். தமிழை யூனிகோடின் பைட் வடிவமான யூடிஎஃப்-8 ஆக அப்படியே அனுப்புகிறோம்.

விண்டோஸுக்கான மிங்டபிள்யூ கொம்பைலரை வைத்துக் கட்டியெடுக்கும் வேலை ஒரே மாலையில் முடிந்தது. நூலகங்களை ஏற்றும் இடத்தில் லினக்ஸின் டிஎல்ஓப்பனை எடுத்துவிட்டு விண்டோஸின் லோட்லைப்ரரி போட்டேன், அவ்வளவுதான்.

எண்களில்தான் முதல் இடறல். பழைய அடையாள அட்டையின் 9 இலக்க எண்ணை அனுப்பினால் சரியாகத் திரும்பியது. புதிய அட்டையின் 12 இலக்க எண்ணைப்போல ஒன்றை அனுப்பினால் வேறு ஏதோ எண் வந்தது. சி மொழியின் லோங் என்ற முழு எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸிலோ 4 பைட்தான். அதில் 2147483647 வரைக்கும்தான் கொள்ளும். லூவா 5.3 முதல் முழு எண்கள் வழக்கமாக 64 பிட். எங்கள் கோட் அதை வாங்கி லோங்கில் போட்டு நறுக்கியிருக்கிறது. லோங் என்று எழுதிய இடங்களையெல்லாம் தேடி, அளவு நிச்சயமான வகைகளாக மாற்றினேன். லினக்ஸிலேயே இருந்திருந்தால் இந்தப் பிழை கண்ணில் பட்டிருக்காது.

என் வீடு கல்லடியில். ஆகவே கல்லடி என்று தட்டிப் பார்த்தேன், அதே சொல் திரும்பி வந்தது. மகிழ்ச்சியோடு செங்கலடியில் இருக்கும் அக்காவின் மகளுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அழைத்தாள்.

“மாமா, ஊர்ப் பேரைப் போட்ட உடனே நிண்டுட்டு. மறுகா ஒண்டும் வரல்ல.”

பிழைச் செய்தி எதுவும் இல்லை. சி செயலி தன் வேலை முடிந்ததுபோல அமைதியாக வெளியேறியிருந்தது. அவளுடைய லெப்டொப்பை வாங்கி வந்து நம்மூர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஏறாவூர், காத்தான்குடி, மட்டக்களப்பு எல்லாம் போய் வந்தன. செங்கலடி, காரைதீவு, வவுணதீவு, மருதமுனை நான்கும் விழுந்தன. தீவு என்ற முடிவில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து ஓர் இரவு போயிற்று. செங்கலடியில் தீவு இல்லையே! தமிழ் எழுத்துகளைக் கையாளும் பகுதியைச் சந்தேகித்து அதை வரிவரியாகப் படித்ததில் இன்னோர் இரவு போயிற்று.

தமிழில் பிழை இல்லை என்று காட்டித் தந்தது கல்முனை. அதை ஆங்கிலத்தில் எட்டு எழுத்தாக எழுதி அனுப்பினேன். இந்த முறை செயலி வெளியேறவில்லை. பைத்தன் பக்கம் எதற்கோ காத்துக்கொண்டே நின்றது. வந்த நீளத்தை அச்சிட்டுப் பார்த்தால் 2573. நான் அனுப்பியது 10 பைட்: எட்டு எழுத்து, இரண்டு மேற்கோள் குறி. 2573ஐப் பதினாறின் அடிமானத்தில் எழுதினால் 0A0D. அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். 0D, 0A இரண்டும் விண்டோஸில் வரி முடிவதற்கான குறிகள்!

நடந்தது இதுதான். விண்டோஸில் சி நிரலின் உள்ளீடும் வெளியீடும் இயல்பாக உரை முறையில் திறக்கும். 0A என்ற பைட்டை எழுதினால் அது புதுவரி என்று எடுத்துக்கொண்டு முன்னால் ஒரு 0D சேர்த்துவிடும். எங்கள் நீளம் 10, அதுவே 0A. வாசிக்கும்போது இன்னொன்று உண்டு: 1A வந்தால் கோப்பு முடிந்தது என்று அர்த்தம். இது சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து வழக்கம். அதில் கோப்பின் அளவு 128 பைட் துண்டுகளாகத்தான் பதிவாகும், அதனால் உரை எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு குறி தேவைப்பட்டது.

1A என்றால் 26. செங்கலடி யூனிகோடில் 8 குறியீடு: ச, எகரக் குறி, ங, புள்ளி, க, ல, ட, இகரக் குறி. ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24. மேற்கோள் குறிகளோடு 26. காரைதீவும் வவுணதீவும் மருதமுனையும் அதே 8. கல்லடிக்கு 20 என்பதால் நான் தப்பியிருக்கிறேன். மருமகள் மட்டும் வேறு ஊரில் இருந்திருந்தால் இந்தப் பிழையோடேயே வெளியிட்டிருப்போம்.

திருத்தம் இரண்டே வரி: செட்மோட் என்ற கட்டளை கொண்டு உள்ளீட்டையும் வெளியீட்டையும், பைட்டுகளை அப்படியே விடும் பைனரி முறைக்கு மாற்றுவது. பைத்தன் பக்கத்தில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. ஆனால் சோதனைகளுக்கு முழு நாள் செலவழித்தேன். 1 முதல் 300 பைட் வரை ஒவ்வொரு நீளத்திலும் ஒரு செய்தி போய்த் திரும்புகிறதா என்று இப்போது ஒரு சோதனை பார்க்கிறது. அதோடு அந்த நான்கு ஊர்ப் பெயர்களையும் தமிழிலேயே சேர்த்திருக்கிறேன். மற்ற இருவருக்கும் தமிழ் தெரியாது. ஏன் இந்தச் சொற்கள் என்று கேட்டார்கள், பைட் கணக்கை எழுதிக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

முடிந்துவிடவில்லை. மருமகள் லூவா கோப்புகளை ‘ஊர்கள்’ என்ற ஃபோல்டருக்கு மாற்றியதும் திறக்க மறுக்கிறது. லூவா கோப்பைத் திறப்பது சி மொழியின் எஃப்ஓப்பன் மூலம். விண்டோஸில் அது பழைய எழுத்துக்குறி அட்டவணைகளை நம்பி இருக்கிறது, தமிழுக்கென்று அது பயன்படுத்தக்கூடிய அட்டவணை எதுவும் கிடையாது. முதன்மைக் கோப்பை மட்டும், யூனிகோட் பெயர்களை ஏற்கும் டபிள்யூஎஃப்ஓப்பனால் திறந்து, உள்ளடக்கத்தை நினைவகத்திலிருந்து லூவாவுக்குக் கொடுத்துப் பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் அந்தக் கோப்பு ரிக்வயர் என்ற லூவா கட்டளையால் இன்னொரு கோப்பைக் கேட்டால் மறுபடியும் எஃப்ஓப்பனிடமே போகிறது. அதற்கு, கோப்பைத் தேடி ஏற்றித் தரும் ஒரு ‘தேடி’யை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை லெப்டொப் திரும்ப என் கைக்கு வரும், அன்றைக்குத் தொடங்குகிறேன்.