கணக்குப்பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து மாங்கூழ்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் ஒருவருக்கு பவர் பிஐயில், அதாவது கணக்கு விவரங்களை அட்டவணையும் படமுமாகக் காட்டும் மென்பொருளில், ரிப்போர்ட் போட்டுக் கொடுக்கும் வேலை. எந்த மாதம் எத்தனை லோடு பெங்களூரா மாங்காய் வந்தது, என்ன விலைக்கு எடுத்தார்கள், அவ்வளவுதான். இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று வாயைவிட்டேன்.

முதல் நாள் காட்டியபோது முதலாளிக்கு ஏக சந்தோஷம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும், திரையிலும் ஏப்ரல்தான் முதல் வரிசை. "பரவாயில்லையே தம்பி, சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார், நானும் அடக்கமாகத் தலையாட்டினேன். அப்புறம்தான் அடுத்த வரிசையைப் பார்த்தேன்: ஆகஸ்ட். அதற்கடுத்து டிசம்பர். மாதத்தின் பெயர் பவர் பிஐக்கு வெறும் எழுத்து, ஆங்கில அகரவரிசையில் அடுக்கி வைத்துவிட்டது. ஏப்ரலுக்கு ஒரு எண், மே மாதத்துக்கு அடுத்த எண் என்று தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்து, இதன்படிதான் வரிசைப்படுத்த வேண்டும் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். முதலாளி கீழே பார்ப்பதற்குள் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மறுநாள் காலாண்டுச் சண்டை. தேதியை இழுத்துப் போட்டால் அதுவாகவே ஆண்டு, காலாண்டு, மாதம், நாள் என்று ஒரு ஹயரார்க்கி (படிப்படியான அடுக்கு) போட்டுக்கொடுக்கும், ஆனால் அதன் கணக்கு ஜனவரியிலிருந்து. நிதியாண்டுப்படி முதல் காலாண்டில் வரவேண்டிய மே, ஜூன் லோடெல்லாம் இரண்டாம் காலாண்டில் போய் உட்கார்ந்துகொண்டது. "ஆடிட்டர்கிட்ட இதைக் காட்டினா என்னைத்தான் சிரிப்பாரு" என்றார்.

சரி, சொந்தமாக டேட் டேபிள், அதாவது தேதிகளுக்கென்று தனி அட்டவணை போடுவோம் என்று, அதைத் தானாகப் போட்டுத்தரும் காலண்டர்ஆட்டோ என்ற ஃபங்ஷனை எடுத்து, அடைப்புக்குள் 3 கொடுத்தேன், அதாவது ஆண்டு மார்ச்சில் முடியும் என்று அர்த்தம். அது என்ன செய்யும் என்றால், கோப்பில் இருக்கிற எல்லா டேபிளிலும் தேதிகளைத் தேடி, மிகப் பழையதிலிருந்து மிகப் புதியது வரை ஒருநாள் விடாமல் முழு ஆண்டுகளாக நிரப்பும். நிரப்பியது. 24,000-க்கும் மேல் வரிசைகள். தொடக்கம் 1-4-1958.

"1958-ல எங்கப்பாவே டவுசர் போட்டுக்கிட்டு மாங்காய் திருடிட்டிருந்தாரு தம்பி."

ரிப்போர்ட்டில் மாவட்டம் கிருஷ்ணகிரி என்று வேறு இருக்கிறது. 1958-ல் இந்த ஊர் சேலம் மாவட்டம். தருமபுரி மாவட்டம் பிரிந்ததே 1965-ல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்.

அரைமணி நேரம் தேடி, ஆட்களின் சம்பளப் பட்டியலில் கண்டுபிடித்தேன். கணக்குப்பிள்ளையின் பிறந்த தேதி, 1-6-1958. ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "அது நெசத் தேதி இல்லீங்க. ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியார் போட்டது. நான் ஐப்பசில பொறந்தவன்." எழுபது வருஷத்துக் காலண்டர் ஒரு வாத்தியார் கைக்கு வந்த தேதியை நம்பி நின்றிருக்கிறது.

ஆட்டோவை விட்டுவிட்டு, தொடக்கமும் முடிவும் நானே கொடுத்து புதிதாகப் போட்டு, இதுதான் டேட் டேபிள் என்று குறித்தும் வைத்தேன். முதலாளி திருப்தியாக டீ சொன்னார். டீ வருவதற்குள் அடுத்தது: "ஆனியில எவ்வளவு, ஆடியில எவ்வளவுன்னு பாக்க முடியுமா? மண்டியில அப்படித்தான பேசுறோம்."

சுவரில் தொங்கிய தினக்காலண்டரைக் கணக்குப்பிள்ளை கழற்றிக் கொடுத்தார். தாள் தாளாகப் புரட்டி எந்தத் தேதியில் எந்தத் தமிழ் மாதம் பிறக்கிறது என்று அவர் படிக்கப் படிக்க நான் தட்டினேன். சாயங்காலம் பெருமையாகத் திறந்து காட்டினேன். ஆடி, ஆனி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, அதற்கப்புறம் சித்திரை. வரிசை எண் போட மறுபடியும் மறந்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை நிதானமாகப் படித்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். "வருஷமே ஆடியில தொறக்குது பாருங்க. தம்பி பில்லுல தள்ளுபடி கேட்டுப் பாக்கலாங்களா?"